குஞ்சு என்ற சந்தேகநபர்

தவசீலன் எடுக்க நினைத்தது எட்டு நிமிடப் படம். இரண்டு ஆண்கள், ஒரு அறை, ஒரு பின்னேரம். ஒருவன் அடுத்த நாள் கனடாவுக்குப் போகவிருக்கிறான். மற்றவன் போகவேண்டாம் என்கிறான். அவ்வளவுதான் கதை.

அது 2007ஆம் ஆண்டு, யுத்த காலம். நுகேகொடையில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் அவனுக்கு வேலை. தமிழ்க் கல்யாணங்கள் வந்தால் கமராவைத் தூக்கிக்கொண்டு போவான்; மற்ற நாட்களில் உள்ளே இருந்து படங்களை வெட்டி ஒட்டுவான். அந்த நாட்களில் கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்தில், அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும், ஆணை ஆண் விரும்பும் குறும்படங்களை இடைக்கிடை காட்டினார்கள். யன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கும். வாசலில் யாரும் யாருடைய பெயரையும் கேட்கமாட்டார்கள். தவசீலன் ஒன்றையும் தவறவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எரிச்சலோடுதான் பஸ் ஏறினான். எந்த நாட்டுப் படமாக இருந்தாலும் கடைசியில் இருவரில் ஒருவன் செத்துப்போனான். ஒருவன் ரயிலில் விழுந்தான். ஒருவன் ஏரிக்குள் நடந்து போனான். நோய் வந்து செத்தவர்கள் வேறு. இவ்வளவு பேர் சும்மாவே சாகிற நாட்டில், கமராவும் லைற்றும் வைத்து இன்னும் இரண்டு பேரைச் சாகடிக்க வேண்டிய தேவை என்ன என்று அவனுக்கு விளங்கவில்லை. தன் படத்தில் ஒருவரும் சாகக்கூடாது என்று தீர்மானித்தான்.

கனடாவுக்குப் போகிறவனாக நடிக்க அழகுமுத்துவைக் கேட்டான்.

அழகுமுத்து மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தான். அந்தக் கடையில் மாப்பிள்ளைத் தலைப்பாகை வாடகைக்குக் கொடுப்பார்கள். அதைக் கட்டிவிட ஆளும் அனுப்புவார்கள். அந்த ஆள் இவன்தான். ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் இருவரும் ஏதாவதொரு மண்டபத்தில் சந்தித்தார்கள். அழகுமுத்து மாப்பிள்ளையின் தலையைச் சுற்றித் துணியை மடித்து மடித்துக் கட்டுவான். தவசீலன் அதைக் கிட்டப்போய்ப் படம் பிடிப்பான். பிறகு நுகேகொடையில் வெட்டி ஒட்டும்போது அந்த இடம் மட்டும் நீண்டுகொண்டே போகும். "மாப்பிள்ளையைவிடத் தலைப்பாக் கட்டுறவன்தான் கூட வாறான்" என்று ஒரு பெண்ணின் தகப்பன் ஸ்டூடியோவுக்கே வந்து சண்டை பிடித்தார்.

அழகுமுத்து நடிக்கச் சம்மதித்தான். கதையைக் கேட்டுவிட்டு, "செய்வோம்" என்றான். மற்றவனாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த மேடை நாடகக்காரர், தனக்குக் கல்யாணம் பேசியிருப்பதாகவும் இனி மனுநீதிச் சோழனாக மட்டுமே நடிக்கப்போவதாகவும் சொல்லி விலகிக்கொண்டார். ஆகவே அந்த வேடத்தைத் தவசீலனே எடுத்தான். கமராவை முக்காலியில் நிறுத்தி, ஓடவிட்டுவிட்டு, தானும் போய்க் கட்டிலில் உட்கார்வதென்று ஏற்பாடு.

அறை வெள்ளவத்தையில், கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியின் பின்பக்கம். வீட்டுக்காரி பாலேஸ்வரி இளைப்பாறிய கணக்கு ரீச்சர். வாடகைக்குக் கொடுக்கும்போதே, "தம்பி, பொம்பிளையள் ஒருத்தரும் மேல வரக்கூடாது. எனக்கு அது சரிவராது" என்று சொல்லியிருந்தார். மூன்று வருடமாக ஒரு பெண்ணின் செருப்புக்கூட அந்தப் படியில் ஏறவில்லை. ரீச்சர் ஒழுங்கை முழுவதும் தவசீலனைப் பற்றிப் பெருமையாகப் புழுகித் திரிந்தார்.

படப்பிடிப்பு அன்று பின்னேரம் தொடங்கியது. அழகுமுத்து கட்டிலில் படுத்திருக்க வேண்டும். தவசீலன் அவன் நெஞ்சில் தலை வைத்து, "போகாதை குஞ்சு" என்று சொல்லவேண்டும். அவன், "போகேல்லைக் குஞ்சு" என்று பதில் சொல்ல வேண்டும்.

தவசீலன் சொன்னான். அழகுமுத்துவின் நெஞ்சு குலுங்கியது. சிரிக்கிறான்.

"என்ன சிரிப்பு?"

"அந்த வார்த்தை… எங்க பக்கம் அத இப்புடியெல்லாம் சொல்லமாட்டாங்க."

"பின்னை எப்பிடிச் சொல்லுவினம்?"

"சொல்லவே மாட்டாங்க. சின்னப் பயலுகளக் குளிப்பாட்டுறப்ப, அங்க தேய்டான்னு அம்மா சொல்லும். அவ்வளவுதான்."

தவசீலனின் முகம் சிவந்தது. "எங்கட ஆக்களுக்கு அது அன்பான சொல், முத்து. என்னையே வீட்டில அப்பிடித்தான் கூப்பிடுறவை. ராசா, குஞ்சு எண்டு."

"வேற வார்த்தை போடுங்களேன்."

"மாத்தேலாது."

ஏன் மாற்ற முடியாது என்று தவசீலன் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவனிடம் ஒருமுறை சொல்லத்தான் இந்தப் படமே. அதை எப்படிச் சொல்வது? "திரும்ப ஒருக்காச் செய்வம்" என்றான்.

திரும்பச் செய்தார்கள். திரும்பவும் சிரிப்பு. தவசீலன் சொல்லி முடித்தால் அழகுமுத்து சிரித்தான். அழகுமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னால் தவசீலன் சிரித்தான். இடையில் பாலேஸ்வரி ரீச்சர் கீழேயிருந்து கூப்பிட்டார். தண்ணீர் மோட்டர் நிற்கவில்லையாம். தவசீலன் கமராவை நிறுத்த மறந்துவிட்டு இறங்கிப் போனான். மோட்டரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது அழகுமுத்து கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தான். "இப்ப சிரிக்கமாட்டேன், வாங்க" என்றான். சொன்னபடி சிரிக்கவில்லை. அந்த முறை எல்லாம் சரியாக வந்தது. அளவுக்கு மீறிச் சரியாக வந்தது என்று தவசீலனுக்குப் பட்டது. வசனம் முடிந்த பிறகும் அவன் தலையை எடுக்கவில்லை. அழகுமுத்துவும் அசையவில்லை. பிறகு, "பற்றரி முடியப்போகுது" என்று சொல்லித் தவசீலன் எழுந்து கமராவை நிறுத்தினான்.

இருட்டிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பெடியன் தனியாகச் செக்பொயின்றுகளைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போவது உசிதமில்லை. அழகுமுத்து பாயில் படுத்துக்கொண்டான்.

விடியற்காலையில் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள்.

இரண்டு முனைகளிலும் ஆமிக்காரர் நிற்க, பொலிஸ்காரர் வீடு வீடாக ஏறினார்கள். தவசீலனின் அறையில் அவர்கள் கண்டது: பிரகாசமான விளக்கு ஒன்று, சுருள் சுருளாக வயர், பற்றரிகள், யன்னலை மூடிய கறுப்புத் துணி, முக்காலியில் ஒரு கமரா, கொட்டாஞ்சேனையில் மட்டும் தங்கப் பொலிஸ் பதிவு உள்ள ஒரு தோட்டத்துத் தமிழன்.

"ஏன் இங்கே வந்தாய்?" என்று ஒரு சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"படம் எடுக்க" என்றான் அழகுமுத்து.

"என்ன படம்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "கல்யாணப் படம்" என்றான் தவசீலன்.

"யாருக்குக் கல்யாணம்?"

சார்ஜன்ட் பதிலுக்குக் காத்திராமல் கமராவையும் இருவரையும் ஏற்றச் சொன்னார்.

கமராவைக் கொண்டுபோன கொன்ஸ்டபிள் படியில் வழுக்கினான். கமரா அவனுக்கு முன்னால் கீழே போய்ச் சேர்ந்தது. பாலேஸ்வரி ரீச்சர் அதைப் பொறுக்கி, துடைத்து, அவன் கையில் கொடுத்தார்.

பொலிஸ் நிலையத்தில் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் இன்ஸ்பெக்டர் அபேகோன். அவருக்குக் கடுமையான தடிமன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் வரவில்லை, திரை கறுத்துப்போயிருந்தது. ஆனால் குரல் வந்தது. ஒரே வசனம், சிரிப்பு, "திரும்ப ஒருக்கா", மறுபடியும் அதே வசனம், மறுபடியும் சிரிப்பு. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது பயிற்சி என்பது அவருக்கு விளங்கியது. பிறகு ஓரிடத்தில் கதவு சாத்தும் சத்தம். அதற்குப் பிறகு ஒரு குரல் மட்டும், மெதுவாக, விட்டுவிட்டு: "குஞ்சு… குஞ்சு… குஞ்சு…"

"வோக்கிடோக்கியில் கூப்பிடுகிறான்" என்றார் சார்ஜன்ட். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

தவசீலன் நல்ல சிங்களம் பேசுவான். தானே விளக்குவதாகச் சொன்னான். சந்தேகநபரே மொழிபெயர்ப்பாளராக இருக்க முடியாது என்று சொல்லி, தெஹிவளையிலிருந்து நாகேந்திரத்தை அழைப்பித்தார்கள்.

நாகேந்திரம் புதுக்கடை நீதிமன்றத்தில் முதலியாராக, அதாவது சாட்சிகளின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பவராக, ஆயுள் முழுவதும் இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சேட்டு, நெற்றியில் சந்தனம். கொலைகாரன் சொன்னதையும் களவெடுத்தவன் சொன்னதையும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னவர் என்று அவருக்குப் பெயர். கமராவைக் காதோடு வைத்துக் கேட்டார். முதலாவது தடவை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவை அவருடைய புருவம் ஏறியது. மூன்றாவது தடவை கமராவை மேசையில் வைத்துவிட்டு, சுவரோரம் வாங்குப் பலகையில் இருந்த இருவரையும் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

சட்டப் புத்தகத்தில் ஆணை ஆண் விரும்புவதற்கும் ஒரு பிரிவு இருந்தது. அது நாகேந்திரத்துக்கு மனப்பாடம். உள்ளதைச் சொன்னால் இந்தப் பெடியளைக் குண்டு வைத்தவர்கள் என்ற சந்தேகத்திலிருந்து காப்பாற்றி வேறொரு கூண்டில் ஏற்றுவதாக முடியும். அதைவிட, அந்த வசனத்தைத் தன் வாயால் எப்படிச் சொல்வது?

"குஞ்சு கவுத?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். குஞ்சு யார்?

நாகேந்திரம் தொண்டையைச் செருமினார். "அது ஒரு பெண்பிள்ளை, சேர். இவர்கள் அந்தப் பெண்ணைப் போகவேண்டாம் என்று கேட்கிறார்கள்."

தவசீலன் நிமிர்ந்தான். கிழவர் எதற்காகச் சொல்கிறார் என்று அவனுக்கு உடனே விளங்கியது. அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லலாம் போலிருந்தது. பேசாமல் இருந்தான்.

"அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?"

"அவள்… கதைக்கவில்லை, சேர். கூச்சம்."

"அறைக்குள் இருந்தாளா?"

"இருந்திருக்க வேண்டும்."

இன்ஸ்பெக்டர் மூக்கைச் சிந்தினார். அறைக்குள் மூன்று பேர். பிடித்தது இரண்டு பேரை. வாய் திறக்காத ஒரு பெண் தப்பிவிட்டாள். தற்கொலைக் குண்டுதாரிகளில் பெண்களும் இருந்த காலம் அது. உடனே பாலேஸ்வரி ரீச்சரைக் கூட்டிவரச் சொன்னார்.

ரீச்சர் வந்த கோபம் பொலிஸ் நிலையத்தின் வாசலிலேயே கேட்டது. "என்ரை வீட்டிலையோ? பொம்பிளையோ? மூண்டு வருஷமா ஒரு பொம்பிளை அந்தப் படியில கால் வச்சதில்லை! எனக்குத் தெரியாமல் ஒரு பூனை போகாது!"

நாகேந்திரம் இதை மட்டும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டரின் முகம் இருண்டது. இப்படிப்பட்ட ஒரு மனுஷியின் கண்ணில் படாமல் ஒருத்தி ஏறி இறங்கியிருக்கிறாள் என்றால் அவள் சாதாரண ஆள் இல்லை.

அன்று முற்பகலே குஞ்சுவைத் தேடத் தொடங்கினார்கள். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் ஜீப் ஒன்று நின்று நின்று போனது. உங்கள் வீட்டில் குஞ்சு இருக்கிறாரா என்று பொலிஸ்காரர் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சனம் இருக்கும் இடத்தில் அப்படிக் கேட்டால் என்ன நடக்குமோ அதுவே நடந்தது. ஒரு வீட்டில் குஞ்சம்மா அகப்பட்டார். அடுத்த வீட்டில் குஞ்சியப்பு. அது பெயர் இல்லை, தமையனுடைய பிள்ளைகள் சித்தப்பாவைக் கூப்பிடும் முறை என்று அவருடைய மனைவி விளக்கியது எடுபடவில்லை. குஞ்சு மாஸ்ரர் என்ற இளைப்பாறிய தபாலதிபர் சாப்பாட்டுத் தட்டோடு ஏற்றப்பட்டார். ஒரு வீட்டில் குஞ்சு என்று கூப்பிட்டதற்குக் கிளி பதில் சொன்னது, கூட்டோடு கொண்டுவந்தார்கள்.

மத்தியானத்துக்கு முன் நிலையத்தில் நான்கு வாங்குகள் நிறைந்துவிட்டன. சார்ஜன்ட் வாசலில் நின்று "குஞ்சு!" என்று கூப்பிட்டால் எல்லாரும் எழும்பினார்கள். ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை. பொதுவாகக் காரணம் சொல்லாமல்தான் பிடிப்பார்கள் என்பதால் அவர்களும் பெரிதாகக் கேட்கவில்லை. குஞ்சம்மா தன் வெற்றிலையைக் குஞ்சியப்புவோடு பகிர்ந்துகொண்டார்.

தவசீலனும் அழகுமுத்துவும் மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகுமுத்துவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. அவன் தோட்டத்துக் காதுக்கு அந்தக் கூப்பாடு எப்படிக் கேட்டிருக்கும்! உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

கௌரியைக் கொண்டுவந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது.

கௌரிக்குப் பத்தொன்பது வயது. வவுனியாவிலிருந்து வந்து, பிரான்ஸில் இருக்கும் மாப்பிள்ளையிடம் போவதற்காக ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தவள். தகப்பன் ரெலிபோனில் "குஞ்சு, சாப்பிட்டியோ?" என்று கேட்டதை லொட்ஜ்காரர் சொல்லிவிட்டார். அவள் வடக்கிலிருந்து வந்தவள். பயத்தில் வாயே திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் தேடிய எல்லாம் அவளிடம் இருந்தது. வாங்கில் இருந்த மற்றவர்களை அவர் பிறகு பார்க்கவே இல்லை.

"இவளைப் பெரிய இடத்துக்கு அனுப்பவேண்டும். ஜீப்பை எடு" என்றார்.

அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கௌரி ஒரு பொலித்தீன் பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள். கல்யாணப் பதிவுப் படங்கள் அதற்குள் இருந்தன.

தவசீலன் எழுந்தான். "சேர், அந்தப் பிள்ளை இல்லை" என்று சிங்களத்தில் சொன்னான். "குஞ்சு இவர்." அழகுமுத்துவைக் காட்டினான்.

"இவனுடைய பெயர் அழகுமுத்து என்று அடையாள அட்டை சொல்கிறது."

"பெயர் இல்லை, சேர். அன்பாகக் கூப்பிடுவது."

"யார் கூப்பிடுவது?"

"நான்."

இன்ஸ்பெக்டர் நாகேந்திரத்தைப் பார்த்தார். நாகேந்திரம் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தார்.

"முதலியார், இவன் சொல்வது என்ன?"

"சேர், அவர் சிங்களத்தில்தான் சொன்னார்."

"எனக்கு விளங்கவில்லை."

"படத்தைப் பாருங்கள், சேர்" என்றான் தவசீலன். "வேறு கமரா இருந்தால் நாடாவைப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் முதலாளி கொண்டுவருவார்."

நுகேகொடை முதலாளி வந்தார். சிங்களவர், மறுநாள் கல்யாணம் ஒன்றுக்கு ஆள் வேண்டுமே என்ற கவலைதான் அவருக்குப் பெரிது. கொன்ஸ்டபிள்மார் கிரிக்கெட் பார்க்கும் ரீவியில் வேறொரு கமராவைப் பொருத்தினார். வெளியே போங்கள் என்று யாரும் சொல்லாததால் குஞ்சுமார் எல்லாரும் வாங்குகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாலேஸ்வரி ரீச்சர் முன்வரிசையில். கிளிக் கூட்டை யாரோ மேசைமேல் வைத்தார்கள்.

தவசீலன் இன்னும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. கமராவுக்கு முன்னால் இருந்தவன் அவன். தான் மற்றவன் நெஞ்சில் தலை வைத்துப் படுத்திருப்பதை முதல்முதலாக, பொலிஸ் நிலையத்தில், இருபது குஞ்சுகளுக்கு நடுவே பார்த்தான். காது சுட்டது. "போகாதை குஞ்சு." சிரிப்பு. "திரும்ப ஒருக்கா." ஒருவரும் பேசவில்லை. கிளி மட்டும் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து ஒவ்வொரு முறையும் பதில் சொன்னது.

பிறகு ரீச்சர் கூப்பிட, படத்தில் இருந்த தவசீலன் எழுந்து போனான். கதவு சாத்தியது.

அழகுமுத்து திடீரென்று, "இதுக்கு மேல வேணாம் சார், நிப்பாட்டுங்க" என்றான். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி அவனை இருக்கச் சொன்னார்.

திரையில் அழகுமுத்து தனியே இருந்தான். தவசீலன் தலை வைத்திருந்த இடத்தைச் சேட்டின்மேல் தடவிப் பார்த்தான். தலையணையைச் சரிசெய்தான். பிறகு பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்து, "குஞ்சு" என்றான். சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டான். மறுபடி சொன்னான். மறுபடி சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிறவனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, "குஞ்சு… குஞ்சு… குஞ்சு…" என்று சொல்லிக்கொண்டே போனான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு வரவில்லை. கடைசியில் அவன் சிரிக்காமல், தாழ்ந்த குரலில், தவசீலன் எழுதிக் கொடுக்காத ஒரு வசனத்தைச் சொன்னான்.

"போகல குஞ்சு. நான் எங்கயும் போகல."

படியில் காலடிச் சத்தம். திரையில் இருந்தவன் அவசரமாகக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

குஞ்சு மாஸ்ரர் லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். குஞ்சம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தார். கௌரி வாயை மெல்லத் திறந்தபடி ரீவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் பேசியது பாலேஸ்வரி ரீச்சர். "அந்தத் தலகணி உறை நான் குடுத்தது" என்றார். "ஒருநாளும் தோய்ச்சதில்லைப் போல கிடக்கு."

இன்ஸ்பெக்டர் அழகுமுத்துவிடம் திரும்பினார். "ஏன் சிரிக்கிறாய்?"

அழகுமுத்து விறைப்பாக எழுந்து நின்று, யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், தன் தோட்டத்தில் என்ன அர்த்தம் என்பதைச் சிங்களத்தில் விவரமாகச் சொன்னான். கொன்ஸ்டபிள்மார் முதலில் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் அடக்கிப் பார்த்தார். காலையிலிருந்து தன் ஆட்கள் அந்தச் சொல்லை ஒழுங்கை ஒழுங்கையாகக் கத்திக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, தடிமனோடு சேர்ந்து இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்து மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், இதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது" என்று சார்ஜன்ட் நினைவுபடுத்தினார்.

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்தார். நாலு வாங்கையும் பார்த்தார். கிளியையும் பார்த்தார். "அதை எழுதினால் இவர்கள் எல்லாரையும் எதற்குப் பிடித்தேன் என்றும் எழுதவேண்டும். யார் எழுதுவது? நீயா?"

சார்ஜன்ட் போய் ரீவியை அணைத்தார்.

"முதலியார்" என்றார் இன்ஸ்பெக்டர். "கடைசியாக அவன் சொன்னது என்ன? சரியாகச் சொல்லுங்கள்."

நாகேந்திரம் எழுந்தார். நீதிமன்றத்தில் நிற்பதுபோல இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "சேர், முதலில் நான் சொன்னது பிழை. பெண் ஒருவரும் இல்லை." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் சொல்கிறான்: மம யன்னே நே, ரத்தரன். மம கொஹேவத் யன்னே நே." நான் போகவில்லை, தங்கமே, எங்கேயும் போகவில்லை. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தபோது கிழவரின் கழுத்து சிவந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் அறிக்கையைச் சொல்லச் சொல்லச் சார்ஜன்ட் எழுதினார். குஞ்சு என்ற பெயரில் சந்தேகத்துக்குரிய எவரும் இல்லை. இரு இளைஞர்கள் விளம்பரப் படம் ஒன்றுக்கு ஒத்திகை பார்த்துள்ளனர். பொருள்: தலையணை.

கௌரியை லொட்ஜில் விட ஜீப் போனது. கிளியும் அதே ஜீப்பில் போனது. தவசீலனையும் அழகுமுத்துவையும் போகச் சொன்னார்கள். உடைந்த கமராவைக் கொடுத்தார்கள். நாடா சான்றுப் பொருள் என்று இன்ஸ்பெக்டர் வைத்துக்கொண்டார்.

இருவரும் காலி வீதிக்கு வந்து பஸ் தரிப்பில் நின்றார்கள். நல்ல வெயில்.

"எல்லாரும் பாத்துட்டாங்க" என்றான் அழகுமுத்து.

"ஓம்."

"நீங்களும் பாத்துட்டீங்க."

"பார்த்தன். நீர் ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"சிரிக்காமச் சொல்லப் பழகிக்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க ஏன் சொல்லல?"

"அதுக்குத்தானே படம் எடுத்தனான்."

அழகுமுத்து அவனைத் திரும்பிப் பார்த்தான். "ஒரு வார்த்த சொல்றதுக்கா? விளக்கு, வயரு, கமரா எல்லாம் வச்சா?"

கொட்டாஞ்சேனை பஸ் வந்தது. அழகுமுத்து ஏறி, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க" என்றான். தவசீலன் ஏறினான்.

பொலிஸ் ஏறிய அறை என்று சொல்லி, பாலேஸ்வரி ரீச்சர் அடுத்த வாரம் அறையைக் கேட்டார். மற்ற விஷயத்தைப் பற்றி அவர் ஒன்றும் கதைக்கவில்லை. சாமான்களை இறக்கும்போது, அந்தத் தலையணையைக் கொண்டுபோகச் சொன்னார். தவசீலன் கொட்டாஞ்சேனையில் புடவைக் கடைக்கு மேலே அழகுமுத்துவின் அறைக்கு வந்தான். கொழும்பில் ஓர் அறையில் நாலு ஆம்பிளைகள் இருந்த காலம் அது; இரண்டு பேர் இருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு முறை, கீழே கணக்குப் பார்க்கும் பழனியம்மா, "ரெண்டு பேருக்கும் கல்யாணம் பாக்கலியா?" என்று கேட்டாள். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம், வாரா வாரம்" என்றான் அழகுமுத்து. உண்மையில் அவர்கள் போகாத கல்யாணம் இல்லை.

படத்தை அந்த அறையில் புதிதாக எடுத்தார்கள். மூன்று மாதம் சென்றது. கறுப்புத் துணி போட்ட மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது காட்டப்பட்டது. எட்டு நிமிடம். ஒருவரும் சாகவில்லை. முடிந்ததும் சிலர் கைதட்டினார்கள். சிலர் இன்னும் ஏதோ நடக்கும் என்று காத்திருந்தார்கள்.

பிறகு கேள்வி நேரம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர் எழுந்து மைக்கை வாங்கினார். "கொழும்பில், இப்படியான ஒரு காலத்தில எடுத்த தமிழ்ப் படம்" என்றார். "ஆனால் வெளியில நடக்கிற ஒண்டுமே இதில இல்லையே. யுத்தம் எங்கே? பொலிஸ் எங்கே? அது ஒரு பொறுப்பில்லாத வேலை எண்டு நீங்கள் நினைக்கேல்லையா?"

தவசீலன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பின்வரிசையில் அழகுமுத்து முன்கதிரையில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது.

"அடுத்த படத்தில பாப்பம்" என்றான் தவசீலன். மைக்கைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். விளக்கை அணைத்தார்கள். அடுத்து ஏதோ ஒரு குளிர் நாட்டுப் படம்; பனி கொட்டியது, இரண்டு பேர் ஒரு படகில் ஏறினார்கள். எவன் சாகப்போகிறான் என்று பார்ப்பதற்காக இருவரும் கடைசிவரை இருந்தார்கள்.